கடல் காலி

வானத்திலிருந்து எது விழுந்தாலும் அதற்கு யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டிருப்பார். தானாக விழுந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. பிப்ரவரி மூன்றாம் ஞாயிறு, காலை ஆறு மணிக்கு, நாலரை டன் எடையுள்ள ஒரு செத்த செயற்கைக்கோள் எங்கள் ஊர்க் கடலில் விழலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். பெயர் ஹில்டா, ஊர் அடைக்கலத்துறை. யாரும் என்னை மிரட்டவில்லை, கையைப் பிடித்து எழுத வைக்கவும் இல்லை. காபி குடித்துக்கொண்டே போட்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நீங்கள் கம்பெனியைத் திட்டும்போது என்னையும் சேர்த்துத் திட்ட வசதியாக இருக்கும்.

கம்பெனிக்கு ஆங்கிலத்தில் முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஊரில் குப்பைக் கம்பெனி என்பார்கள், வேலையும் அதுதான். நான் அதில் சேர்ந்த புதிதில் என் அண்ணன் பெர்க்மான்ஸ், வலையில் சிக்கிய நண்டுகளைக் கால் ஒடியாமல் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"ஏட்டி, மேல போனது மேலயே கெடக்கட்டுமே. அது பாட்டுக்குச் சுத்திட்டுக் கெடக்கு. அத ஏன் மெனக்கெட்டு எறக்குதிய?"

"மேல எடம் இல்லண்ணே. வருசக்கணக்கா அனுப்பி அனுப்பி நெறச்சு வச்சிருக்காவ. செத்தது ஒண்ணு, ஓடிட்டிருக்கதுல போயி முட்டுனா ரெண்டும் தூள் தூளாவும். அந்தத் தூள் போயி இன்னும் நாலத் தட்டும். அப்புறம் உன் போனும் கெடையாது, புயல் வருதுன்னு சொல்ல ஆளும் கெடையாது."

"சரி, எறக்குங்க. ஆளில்லாத எடமாப் பாத்து எறக்க வேண்டியதுதான?"

"முன்ன அப்படித்தான் போட்டாவ. பசிபிக் கடல்ல, மனுச வாடையே இல்லாத ஒரு மூலையில. எல்லா நாடும் அங்கயே கொண்டு கொட்டவும், அந்தப் பக்கத்துத் தீவுக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. அவங்கவங்க குப்பைய அவங்கவங்க கடல்ல போடுங்கன்னு இப்ப ஒப்பந்தம் ஆயிட்டு."

"அது நியாயந்தான," என்றான். தன் கடல் என்று தெரியாமல் சொன்னான், பாவி. "முழுசாவா வந்து விழும்?"

"காத்துல உரசி முக்காவாசி எரிஞ்சிரும். எரிபொருள் டேங்கு மட்டும் எரியாது. கன்னுக்குட்டி தண்டி உருண்டை. அது வரும்."

"தலையில வந்து விழுந்தா?"

"அதுக்குத்தான நான் அங்க உக்காந்திருக்கேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கம்பெனிக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. கரையிலிருந்து தெற்கே நாற்பது கடல் மைலில், கிழக்கு மேற்காக நூறு கிலோமீட்டர் நீளம், பதினைந்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையைக் கோடு போட்டு வாங்கியிருந்தார்கள். டேங்கு அதற்குள்தான் விழும். விழும் நேரத்தில் அதற்குள் ஒரு படகும் இருக்கக் கூடாது. ஆனால் அது எங்கள் ஆட்கள் சூரையும் சீலாவும் பிடிக்கிற இடம். எந்த நாள் பார்த்தாலும் திரையில் எண்பது, நூறு புள்ளிகள் மின்னும். கடலுக்குப் போகிறவன் விடியுமுன் டோக்கன் வாங்க வேண்டும், டோக்கன் வாங்கினால்தான் படகில் உள்ள பெட்டி உயிர் பெறும், பெட்டி உயிர் பெற்றால் திரையில் ஒரு புள்ளி. ஆறு மாதமாக ஒன்றைக்கூட இறக்க முடியாமல் எங்கள் தலைமை அதிகாரி முகுந்தன் சார் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். யாராவது தட்டி இறக்கியிருக்கலாம்.

"சார், எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை ஒரு படகுகூடக் கடலுக்குப் போகாது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட. சனிக்கிழமை சாயங்காலம் வள்ளத்தைக் கரையேத்தினா திங்கள்தான் எறக்குவாங்க. மீன் கண்ணு முன்னால துள்ளினாலும் போக மாட்டாங்க. கோயிலுக்குப் போற நாள் சார். பக்கத்துல பத்து ஊரும் அப்படித்தான். மீறிப் போறவன் வள்ளத்தைத் தள்ள ஒருத்தன் தோள் கொடுக்க மாட்டான்."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? எங்கள் ஜனங்களின் ஒழுக்கத்தை ஏசி அறையில் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்துவிட்டதாம். முகுந்தன் சார் எழுந்து போய்ப் பழைய பதிவுகளைத் திரையில் ஓடவிட்டார். ஐந்து வருஷத்து ஞாயிறுகள். பட்டையில் எல்லா ஞாயிறும் பூஜ்ஜியம்.

"ஹில்டா, நீங்க ஒரு பொக்கிஷம்," என்றார்.

அன்று கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி இருந்தது. அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடப் பதில் சொல்லியிருப்பேன், எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் எனக்கும் தோன்றவில்லை.

ஊரில் பங்குச் சாமியார் கூட்டம் போட்டுப் பேசினார். தொழில் நாள் ஒன்றும் கெடாது என்றதும் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். என்னை இறக்க மேசைக்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். எந்த ஞாயிறு, எத்தனை மணி என்று கோயில் வாசல் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படும். இரண்டாம் பூசை முடிந்து பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடி, பகல் வானத்தில் வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரிந்தால் "ஹில்டா அக்கா குப்ப போட்டாச்சு" என்று கத்துவார்கள். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

பிறகு அந்த ஞாயிறு.

காலை ஐந்து மணி வேலைக்கு முதல் நாள் சாயங்காலமே டவுனுக்கு வந்து கம்பெனி விடுதியில் தங்கிவிடுவேன். கட்டுப்பாட்டு அறைக்குள் போகுமுன் போனை லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்தேன். பட்டையில் ஒரு புள்ளியும் இல்லை. 'கடல் காலி' என்று ஒரு படிவம். தேதி, நேரம், கையெழுத்து. போட்டேன்.

ஒன்பது இருபத்திரண்டுக்குச் செயற்கைக்கோளுக்குக் கடைசித் தள்ளு கொடுத்தோம். அதன் வேகத்தைக் குறைக்கிற தள்ளு அது. கொடுத்துவிட்டால் அப்புறம் அது பூமிக்கு வந்தே தீரும். பத்து பதினாலுக்கு விழும். இடையில் பத்து நிமிடம் டீ குடிக்கலாம். வெளியே வந்து லாக்கரைத் திறந்தேன். போனில் நாற்பத்தொரு அழைப்புகள், எல்லாம் அண்ணன் மனைவி ரெஜினா மைனியிடமிருந்து.

"மைனி, என்ன?"

"எங்கட்டி போய்த் தொலஞ்ச? விடியக்கால இருந்து அடிக்கேன்! ஆபீஸ் நம்பர்ல அடிச்சா உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே கெடக்கா!"

"என்ன ஆச்சு, சொல்லுங்க."

"நம்ம தெரு சிரிலையும் அவன் கூட்டாளியையும் காணலட்டி. நேத்துக் காலையில மீனுக்குப் போனவனுவ இன்னும் வரல. முதல் பூசையில சாமியார் சொல்லி வாய மூடல, ஆம்பளையள் எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டாவ. பதினாலு வள்ளம் தேடப் போயிருக்கு, அம்பத்தெட்டுப் பேரு. உங்கண்ணன்தான் முன்னால. பலகையில இன்னைக்குப் பத்து மணின்னு போட்டிருக்கேன்னு நான் கேட்டேன். ஹில்டாட்ட சொல்லு, அவ நிறுத்திருவான்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. நிறுத்திட்டியா?"

எங்களில் ஒருவன் கடலில் காணாமல் போனால் கிழமை கிடையாது. ஞாயிறு கிடையாது, பெரிய வெள்ளி கிடையாது, கிறிஸ்துமஸ் கிடையாது. பூசை பாதியில் நின்றாலும் சாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரே கடற்கரைவரை வருவார். தேடப் போவது தொழிலுக்குப் போவது அல்ல. அதற்கு வலையும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். கேட்காமல் போன அந்த இன்னொரு கேள்வி இதுதான்.

சிரிலின் புள்ளி எங்கே போனது என்று கேட்பீர்கள். டோக்கன் இருபத்து நாலு மணி நேரத்துக்குத்தான். நேரம் முடிந்ததும் புள்ளி அணைந்துவிடும். அணைந்தால் படகு வீடு வந்து சேர்ந்துவிட்டது என்று பொருளாம். அப்படித்தான் மென்பொருள் எழுதியிருந்தார்கள்.

போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினேன். வாசலில் காவலாளி "மேடம், போன், போன்" என்று பின்னால் வந்தான். போடா என்று சொல்லிவிட்டேன்.

முகுந்தன் சார் முழுவதும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தானே கார் ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"இன்னும் கொஞ்சம் எரிபொருள் இருக்கு சார். ஒன்பது அம்பது வரைக்கும் இன்னொரு தள்ளு கொடுக்கலாம். முந்நூறு கிலோமீட்டர் தெக்க தள்ளிப் போயிரும்."

"தெக்க என்ன இருக்குன்னு பாருங்க."

திரையில் தெற்கே கப்பல் பாதை. ஏழு புள்ளிகள். பெயர், நாடு, எத்தனை ஆட்கள், எல்லாம் பக்கத்திலேயே எழுதியிருந்தது.

"ஜீரோ இருக்கற எடத்துலேர்ந்து ஏழு இருக்கற எடத்துக்கு மாத்தச் சொல்றீங்களா?"

"அங்க ஜீரோ இல்ல சார். பதினாலு வள்ளம். அம்பத்தெட்டுப் பேரு."

"ஸ்கிரீன்ல இல்லியே ஹில்டா."

"எப்படி சார் வரும்? டோக்கன் ஆபீஸ் பூட்டிக் கெடக்கு. எங்கண்ணன் அங்க இருக்கான் சார். பேர் சொல்லட்டுமா? அம்பத்தெட்டுப் பேரையும் சொல்றேன், எழுதிக்கோங்க."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். விதி நம்பாது. மீன்வளத்துறையிலிருந்து ஒரு வரி மெயில் வரட்டும், இந்த நிமிஷமே தள்றேன்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை சார்!"

"தெரியும்," என்றார். அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. "இங்க பாருங்க. பட்டை நூறு கிலோமீட்டர். டேங்க் ஒண்ணே ஒண்ணு. பதினாலு சின்னப் படகு. பட்டுடுமா? லட்சத்துல ஒண்ணு. ஆனா நான் தள்ளிவிட்டு ஒரு கப்பல்ல பட்டா, உலகமே வந்து நிக்கும்."

"எங்க வள்ளத்துல பட்டா யாரு சார் வருவா?"

அவர் திரும்பித் திரையில் அந்த ஏழு புள்ளிகளைப் பார்த்தார்.

அவர் சொன்ன கணக்கு மீன் பிடிக்கப் போகும் வள்ளங்களுக்குச் சரி. தேடப் போகும் வள்ளங்கள் அப்படி நிற்காது. கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் பரவும், அடுத்த வள்ளத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றி வீசினால் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு. அதாவது பட்டையின் நீளவாக்கிலேயே, விழப்போகும் பாதைக்கு நேர் கீழே. இதை அவருக்கு விளக்கினேனா என்று எனக்கு நினைவில்லை. விளக்கியிருந்தாலும் விதிக்கு விளங்கியிருக்காது.

தள்ளு கொடுக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று என் கழுத்தில், ஒன்று அவர் சட்டைப் பையில். நான் என் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தால் பிடுங்கியிருக்கலாம். அவர் என்னைவிட ஒல்லி. எங்கள் ஊரில் மீன் விற்கிற எந்தப் பெண்ணும் பிடுங்கியிருப்பாள், கையைக் கடித்தாவது பிடுங்கியிருப்பாள். நான் "சார், ப்ளீஸ் சார்" என்று கேட்டுக்கொண்டே நின்றேன். ஆங்கிலம் படித்தவள் அல்லவா.

ஒன்பது ஐம்பது தாண்டியது. இனி அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போனில் மைனி இன்னும் இருந்தார். "மைனி, சாமியார் வீட்டுக்கு ஓடுங்க. வயர்லெஸ்ல சொல்லச் சொல்லுங்க. எல்லாரும் வடக்க திரும்பட்டும், கரையப் பாத்து. முழு வேகம். பத்தே காலுக்குள்ள எவ்வளவு வர முடியுமோ அவ்வளவு."

"நிறுத்தலையா நீ?"

"ஓடுங்க மைனி!"

அவர் ஓடுகிற மூச்சு எனக்குக் கேட்டது. தேடப் போகும்போது ஒரு வள்ளம் பாதி வழியில் நிற்கும், கரையிலிருந்து வரும் பேச்சை வாங்கி வரிசைக்குச் சொல்வதற்காக. அங்கிருந்து வரிசையின் மேற்கு முனைக்கு, அவன் அடுத்தவனுக்கு, அவன் அவனுக்கடுத்தவனுக்கு. சாமியார் வீட்டு வயர்லெஸ் இரைச்சலில் ஒவ்வொரு பெயராகக் காதில் விழுந்தது. லாரன்ஸ் திரும்பிட்டான். கஸ்பார் திரும்பிட்டான். ராயப்பன் திரும்பிட்டான். மைனி ஒவ்வொன்றையும் எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் ஒரு காகிதத்தில் எழுதி எழுதி அடித்தேன். பதின்மூன்று பெயர்களை அடித்துவிட்டேன். மிச்சம் ஒரு பெயர்.

"அண்ணன் என்ன சொல்றான் மைனி?"

"இரி, இரி... சிரில் கெடைச்சுட்டான்! ரெண்டு பேரும் உசுரோட இருக்காவளாம்! இஞ்சின் நின்னு போச்சாம். உங்கண்ணன் கயிறு கட்டி இழுத்துட்டு வாராவளாம்." மைனி அழுதுகொண்டே சிரித்தார். பின்னால் சாமியார் வீட்டு முற்றத்தில் பெண்கள் எல்லோரும் கத்துவது கேட்டது.

மணி பத்து இரண்டு.

"கயிற அறுக்கச் சொல்லுங்க. அவனுங்களத் தூக்கித் தன் வள்ளத்துல போட்டுட்டு ஓடி வரச் சொல்லுங்க. வள்ளம் போனாப் போவுது."

கிழக்குக் கடைசியில் இருந்த அண்ணனுக்குச் செய்தி போனது, பதின்மூன்று வாய் மாறி. மூன்று நிமிடம் ஆனது. பதில் திரும்பிவர இன்னும் மூன்று நிமிடம். மைனி சிரிப்பு மாறாமல் அதை அப்படியே என்னிடம் சொன்னார்.

"ஹில்டா அங்க இருக்காள்ளா, நம்ம மேல போட மாட்டான்னு சொல்லுதாவ. நீ பதறாத. வந்துருவாவ."

நான் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? முக்கால் மணி நேரத்துக்கு முன்பே போட்டுவிட்டேன் அண்ணே, என் கையால் போட்டேன், உன் தலைக்கு மேலே வந்துகொண்டிருக்கிறது. இதைப் பதின்மூன்று பேர் வாய்வழியாகச் சொல்லி அனுப்ப நேரமில்லை. "நிக்கல மைனி, நிறுத்த முடியல, ஓடச் சொல்லுங்க" என்று கத்தினேன். அது எந்த வள்ளம் வரை போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது.

பத்து பதினாலுக்குத் திரையில் பச்சை எழுத்து வந்தது. 'இறக்கம் நிறைவு. பாதிப்பு: பூஜ்ஜியம்.' அறையின் மறுமூலையில் இருந்த இரண்டு இளம் பொறியாளர்கள் வழக்கம்போலக் கை தட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மிச்சத்தைச் சிரில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வானத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் தெரிந்தனவாம். அண்ணன் ஒரு கையால் கண்ணுக்கு மறைப்புப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பாத்தியால, வேற பக்கம் திருப்பி விட்டுட்டா" என்று பின்னால் திரும்பிச் சிரித்தானாம். அப்புறம் சத்தம் இல்லை. முதலில் தண்ணீர்தான் எழுந்தது. தூக்கி எறியப்பட்ட பிறகுதான் சத்தம் கேட்டது என்றான். டேங்கு நேராக வள்ளத்தில் விழவில்லை, பக்கத்தில் விழுந்திருக்கிறது. அதுவே போதும். முன்னால் போன அண்ணன் வள்ளம் பலகை பலகையாகப் போயிற்று. அதில் அண்ணன், டேவிட்சன், இஞ்ஞாசி. முப்பது மீட்டர் கயிற்றுக்குப் பின்னால் கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சிரிலும் அவன் கூட்டாளியும் மிதந்தார்கள். தப்பி ஓடிய பதின்மூன்று வள்ளங்களும் சத்தம் கேட்டதும் திரும்பிப் போய்விட்டன. தேடத்தான். மூன்று நாள் தேடினார்கள். அண்ணனின் தண்ணீர்க் கேன் கிடைத்தது.

ஆள் இல்லாமல், ஒரு சட்டையை வைத்து அடக்கப் பூசை நடந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். ஊர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நாலு பேர் முடியைப் பிடித்து இழுத்திருந்தால், எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். மைனி மட்டும் வெளியே வரும்போது ஒரு நிமிடம் நின்றார்.

"நீ நிறுத்திருவேன்னு சொன்னாவ," என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள், எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். அன்று பட்டைக்குள் எந்தப் படகும் பதிவாகவில்லை. பதிவாகாத படகு டோக்கன் இல்லாமல் போன படகு, அது சட்டப்படி கடலில் இல்லை. கடலில் இல்லாத படகை எதுவும் தாக்க முடியாது. ஆகவே மூன்று பேரும் காணாமல் போனவர்கள், அவ்வளவுதான். ஏழு வருஷம் கழித்து இறந்தவர்களாகக் கருதலாம் என்று மைனிக்கு ஒரு கடிதம் வந்தது.

நான் எழுந்து சொன்னேன். எனக்குத் தெரியும், ஒன்பது முப்பத்தொன்றுக்கே தெரியும், அங்கே ஐம்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள், என் கையெழுத்து தப்பு என்று சொன்னேன். எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள் போல. அறிக்கையில் முறை சரியாக இருந்தது, விதி சரியாக இருந்தது, உள்ளூர்ப் பழக்கம் தெரிந்த ஊழியர் அதைத் தெரிவிக்கத் தவறினார் என்று வந்தது. பொய் என்று சொல்ல முடியவில்லை. என் ஊர்ப் பக்கம் இனி எதையும் இறக்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். சனங்கள் அதை வெற்றி என்று நினைத்துப் பட்டாசு வெடித்தார்கள். சிரில் மட்டும் வெளியே வரவில்லை.

அடையாள அட்டையையும் விடுதிச் சாவியையும் ஒப்படைக்க அக்டோபரில் ஒரு நாள் டவுனுக்குப் போனேன். காவலாளி அதே ஆள்தான். போனை வாங்கி லாக்கரில் வைத்துவிட்டு, "நல்லாருக்கீங்களா மேடம்" என்று கேட்டான்.

என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் முக்காடு, கண்ணில் புது வேலையின் பளபளப்பு. எழுந்து நின்று, "ஹில்டா அக்காவா? நான் ஜுலைகா," என்றாள். எனக்கு டீ வரவழைத்தாள். நல்ல பெண்.

"எந்த ஊரும்மா?"

"புதுமுந்தல் அக்கா. கிழக்குக் கடல். வாப்பா, கூடப்பொறந்த காக்கா எல்லாரும் தொழிலுக்குப் போறவங்கதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பட்டையை இப்ப எங்க பக்கம் மாத்தியிருக்காங்க. நான்தான் இன்டர்வியூவுல சொன்னேன். எங்க ஊர்ல வெள்ளிக்கிழமை ஒரு படகு எறங்காதுக்கா. ஜும்மா நாளு. மீன் வந்து வாசல்ல நின்னாலும் எறங்க மாட்டாங்க. முகுந்தன் சார் அஞ்சு வருசப் பதிவ ஓட்டிப் பாத்துட்டு அசந்து போயிட்டாரு."

"பொக்கிஷம்னு சொன்னாரா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அவள் முகத்தையே பார்த்தேன்.

"ஜுலைகா, வியாழக்கிழமை போன ஒருத்தர் வெள்ளிக்கிழமை விடிஞ்சும் வரலைன்னா உங்க ஊர்ல என்ன செய்வாங்க?"

"தேடப் போவாங்க," என்றாள் சட்டென்று. இதில் என்ன கேள்வி என்பது போல. "ஊரே போகும். தொழுகையக்கூட வந்து தொழுதுக்கலாம்னு எங்க பள்ளிவாசல் ஹஜரத்தே சொல்லுவாரு. அது தொழில் இல்லையேக்கா."

"இத யாராவது உன்கிட்டக் கேட்டாங்களா?"

"இல்லக்கா."

"நீ சொன்னியா?"

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. மேசை மேல் இருந்த படிவத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். 'கடல் காலி.' தேதி வெள்ளிக்கிழமை. அன்றைய தேதிதான். நேரம் காலை ஆறு. கீழே அழகான, உருண்டையான கையெழுத்து.

சுவரில் மணி பார்த்தேன். ஒன்பது ஐந்து. கடைசித் தள்ளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"உன் போன் எங்க?"

"லாக்கர்லக்கா."

"எந்திரி. போய் எடுத்து வீட்டுக்கு அடி. எல்லாரும் வந்துட்டாங்களான்னு மட்டும் கேளு. ஒரு நிமிஷம்தான்."

அவள் எழுந்தாள். எழுந்தவள் கதவைப் பார்த்தாள், முகுந்தன் சாரின் கண்ணாடி அறையைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

"இறக்கம் முடியற வரைக்கும் எடுக்கக் கூடாதுக்கா. டீ நேரத்துலயும் கூடாதுன்னு இப்ப மாத்திட்டாங்க," என்றாள். "உங்க விசயத்துக்கு அப்புறம்தானாம்."